இடது, வலது, இரு பக்கம்

பொரளைச் சந்தியில் மழை.
பதிவறைக்கு யன்னல் இல்லை,
வருபவர்களின் குடையைப் பார்த்துத்தான் மழையை அறிவேன்.
அட்டைகளை எண்ணுவது என் வேலை.
நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள், ஏழு வருடம்.
உதடு. அண்ணம். உதடும் அண்ணமும்.
இடது, வலது, இரு பக்கம்.

எண்ணி முடித்தால் இடதுதான் கூட,
வலதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு.
ஏன் என்று டொக்டர் விஜேதுங்கவைக் கேட்டேன்.
பேனாவை மூடி மேசையில் வைத்தார்.
'எல்லா நாட்டிலும் அப்படித்தான், மிஸ். ஏன் என்று தெரியாது.'
தெரியாது என்பதை
அவ்வளவு மரியாதையாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

உதட்டுப் பிளவில் ஆண் பிள்ளைகள் அதிகம்.
அண்ணம் மட்டும் என்றால் பெண் பிள்ளைகள்.
வெளியே ஒன்றும் தெரியாது,
வாய் திறந்தால்தான்.

கருவின் ஆறாம் ஏழாம் கிழமையில்
முகத்தின் இரு கரைகளும்
நடுவில் வந்து ஒட்டவேண்டுமாம்.
அந்தக் கிழமையில் பலருக்கு
நாள் தள்ளிப்போனதே நிச்சயமில்லை.

தமிழ்த் தாய்மார் வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள்.
பொகவந்தலாவையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த லோகேஸ்வரி.
மாளிகாவத்தை மாடிவீட்டு ஸிஹானா.
படிவத்தில் உள்ளதைக் கேட்பேன்:
சொந்தத்துக்குள் முடித்தீர்களா? காய்ச்சல்? மாத்திரை ஏதும்?
அவர்கள் படிவத்தில் இல்லாததைச் சொல்வார்கள்.
கிரகணத்தன்று பூசணிக்காய் வெட்டினேன்.
கிரகணம் என்று தெரியாமல் மீன் அரிந்தேன்.
அவிசாவளைச் சிங்களப் பெண்ணும் அதையே சொன்னாள்.
மொழி வேறு, கத்தி ஒன்று.

அட்டையின் ஓரத்தில் பென்சிலால் 'கி' என்று போட்டுவந்தேன்,
எவரும் கேட்காத ஒரு நிரல்.
போயா விடுமுறையில் பழைய பஞ்சாங்கங்களை விரித்துச் சரிபார்த்தேன்.
நூற்று முப்பத்தெட்டுக் 'கி'.
நாள் பொருந்தியது ஒன்பதுக்கு.
மற்றவர்கள்
வானத்தில் இல்லாத ஒரு கிரகணத்தைத் தாங்களே உண்டாக்கி
அதன் கீழே போய் நின்றிருக்கிறார்கள்.
கத்தி பிடித்ததாக
ஒரு தகப்பனும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை. பேச்சுப் பயிற்சி அறை.
முகத்துவாரத்துச் செபமாலை, ஐஸ் கம்பனியில் வேலை.
மகள் ரொஷாந்தி, ஐந்து வயது.
உதட்டில் தைத்த கோடு நன்றாக ஆறியிருக்கிறது.
அண்ணத்தில் இன்னும் ஓர் ஓட்டை.
காற்று மூக்கால் நழுவிவிடுகிறது,
'ப' சொல்லப் போனால் 'ம' வருகிறது.
பால், மால். பஸ், மஸ்.
அப்பா என்று கூப்பிட்டால்
அம்மா.

அம்மா குவைத்தில். மூன்று வருடம்.
'முதல்ல திருத்திப் பார்த்தன்,' என்றார்,
'இப்ப ஓம் என்டு திரும்பிப் பார்க்கிறன்.'

எண்பத்து மூன்று ஆடியில், மருதானையில்,
என் சித்தப்பாவை நிறுத்தி ஒரு வாளியைக் காட்டி
இதற்குச் சிங்களத்தில் என்ன என்று கேட்டார்கள்.
முதல் எழுத்துக்கு உதடு இரண்டும் மூடவேண்டும்.
மூடின. வீடு வந்து சேர்ந்தார்.
பிறகு எந்த மொழியிலும் வாளியின் பேரை அவர் சொன்னதில்லை.
'அதை எடு' என்பார்.
இதற்கும் என் படிவத்துக்கும் தொடர்பில்லை.
ஆனால் 'ப' என்று எழுதும்போதெல்லாம்
கை ஒரு கணம் நிற்கிறது.

நிலூஷா சிறு கண்ணாடியை மூக்கின் கீழே பிடிக்கிறாள்.
பிள்ளை சொல்கிறாள். கண்ணாடி பனிக்கிறது.
துடைத்து, இன்னொரு தரம். பனிக்கிறது.
பிறகு இரண்டு விரலால்
அந்தச் சின்ன மூக்கை மெதுவாகப் பொத்தி
'இனிச் சொல்லுங்கோ பார்ப்பம்.'

அப்பா.

அறை முழுக்கக் கேட்டது.
செபமாலை குனிந்து
பிள்ளையின் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.
வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று
திரும்பவில்லை.